பத்தொன்பது படிவங்கள்

அந்த லாண்டரியில் துணி மடிக்கும் பெண்களுக்குக் கை இரண்டும் ஓயாது. வாய்க்குத்தான் வேலை இல்லை. மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகள் வெந்நீரில் புரண்டு, சூடான உருளைக்குள் நுழைந்து, மறுபக்கம் தட்டையாக வந்து விழும். இரண்டு பெண்கள் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து வந்து, முனைகளைச் சேர்ப்பார்கள். ஒரு விரிப்புக்கு மூன்று தடவை முகத்துக்கு முகம் பார்த்தாக வேண்டும். நாள் ஒன்றுக்கு நானூறு விரிப்பு. எவ்வளவு ஊர்க்கதை பேசலாம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே இருபத்திரண்டு வருடமாக மடித்துக்கொண்டிருந்தவளை எல்லோரும் ரேடியோ என்று கூப்பிட்டதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. லாண்டரிக்குப் பின்னால் தொழிலாளர்களுக்கென்று கட்டிய ஆறு வரிசை வீடுகளில் யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டில் சண்டை, யார் மகள் படிப்பை விட்டாள் என்று எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவள் வாய்க்குப் பூட்டு கிடையாது. ஆனால் மனசில் ஒரு துளி விஷமும் கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். அவள் மூலமாகத் தெரிந்துதான் பல வீடுகளுக்கு ஆபத்துக்கு ஆள் வந்திருக்கிறது. அதனால், தான் பேசுவது ஊருக்குச் செய்கிற உபகாரம் என்றே அவள் நம்பியிருந்தாள்.

வீட்டில் அவளும் புருஷனும்தான். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். மூன்று வார்த்தைக்கு மேல் பேசினால் களைத்துப்போவார். இரண்டு வீடு தள்ளி அவருடைய தங்கை, அதாவது ரேடியோவின் நாத்தனார், தனியாக இருந்தாள். அவள் புருஷன் கப்பலில் வேலை செய்தான். வருஷத்துக்கு ஒரு முறை தலையைக் காட்டுவான். அண்ணியும் நாத்தனாரும் ஒன்பது வருடமாக ஒரே ஜோடியாக மடித்து வந்தார்கள். கொஞ்ச நாளாக நாத்தனார் இடது கையைத் தூக்கி உதறுவதில்லை, முழங்கையை விலாவோடு ஒட்டியே வைத்துக்கொள்கிறாள் என்பதை ரேடியோ கவனித்திருந்தாள். தோள்பட்டை வலி என்று தானே முடிவு செய்து, தைலம் வாங்கிக் கொடுத்து, சேதியை ஆறு வரிசைக்கும் சொல்லியும் விட்டாள்.

மூன்று வருடத்தில் அந்த வரிசைகளிலிருந்து மூன்று பெண்கள் மார்பில் கட்டி வந்து போய்ச் சேர்ந்திருந்தார்கள். மூவருமே எல்லாம் முற்றிய பிறகு மருத்துவமனைக்குப் போனவர்கள். சுகாதாரத் துறை சுவரெல்லாம் விளம்பரம் ஒட்டிப் பார்த்தது. இலவசப் பரிசோதனை என்று கொட்டை எழுத்தில் போட்டுப் பார்த்தது. சுவரொட்டியில் சிரித்த பெண்ணுக்கு யாரோ மீசை வரைந்தார்களே தவிர, பரிசோதனைக்கு ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. அதன் பிறகுதான் மருத்துவக் கல்லூரியிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். கட்டைக் குரல், ரப்பர் செருப்பு, தோளில் ஒரு பழைய துணிப்பை. பெண்கள் அவரைக் காலேஜ் மேடம் என்றார்கள்.

“நாங்க வந்து கேட்டா என்ன சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும். ‘நல்லா இருக்கோம் மேடம்’, அவ்வளவுதான்” என்றார் அவர், லாண்டரி கேன்டீனில் உட்கார்ந்துகொண்டு. “அதனால நாங்க கேக்கப்போறதில்ல. உங்கள்ல ஆறு பேர் கேளுங்க. என்ன கேக்கணும்னும் நீங்களே சொல்லுங்க. வர்ற பதிலை வெச்சு என்ன செய்யலாம்னு சேர்ந்து உக்காந்து முடிவு பண்ணுவோம்.”

ஆறு பேரில் முதல் ஆளாகக் கை தூக்கியது யார் என்று சொல்லவும் வேண்டுமா? மூன்று மதியங்கள் பயிற்சி நடந்தது. கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் பத்து எண்ண வேண்டும், அதற்குள் குறுக்கே பேசக் கூடாது என்று மேடம் சொல்லிக் கொடுத்தார். ரேடியோவால் நாலைத் தாண்ட முடியவில்லை. ஆனால் கேள்விகளை எழுதும்போது அவள்தான் ராணி. ‘தங்கள் மார்பகத்தில் ஏதேனும் மாற்றத்தை உணர்ந்ததுண்டா’ என்று மேடம் எழுதி வந்ததைப் பார்த்து அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“கோர்ட்டுல கூண்டுல நிக்க வெச்ச மாதிரி இருக்கு மேடம். ‘மார்புல கட்டி கிட்டி ஏதாவது கைக்குத் தட்டுப்பட்டுதா’ன்னு கேப்போம். எல்லாருக்கும் புரியும்.”

மேடம் அதை அப்படியே எழுதிக்கொண்டார். கழுத்தில் மாட்ட நீலக் கயிறு கட்டிய அட்டை ஒன்று வந்தது. அதில் அவளுடைய படம், கீழே ‘கூட்டு ஆய்வாளர்’ என்ற எழுத்து. ரேடியோவுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆளுக்கு முப்பது வீடு. பக்கத்து வரிசையில் பதினோரு பெண்களை அவள் முறையாகத்தான் உட்கார்ந்து கேட்டாள். பிறகு தன் வரிசைக்கு வந்தாள். முதலில் நாத்தனார் வீடு.

“நீங்க எப்பவாவது உங்க உடம்பை நீங்களே சோதிச்சுப் பாத்திருக்கீங்களா?” என்று தாளைப் பார்த்துப் படித்தாள்.

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என்ன அண்ணி, நேத்து வரைக்கும் வாடி போடின்னுட்டு இன்னிக்கு நீங்க வாங்கங்கற!”

ரேடியோவும் சிரித்தாள். எத்தனை தடவை மறுபடி தொடங்கினாலும் சிரிப்புத்தான் வந்தது. கடைசியில் நாத்தனார், “என்னைப் பத்தி உனக்குத் தெரியாததா? நீயே எழுதிக்கோ. அடுப்புல பால் இருக்கு” என்று உள்ளே போய்விட்டாள்.

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. கட்டி: இல்லை. வேறு தொந்தரவு: தோள்பட்டை வலி. பரிசோதனைக்குப் போகாத காரணம்: நேரம் இல்லை. ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. யாருக்கும் கூச்சமில்லை, சங்கடமில்லை. மற்றவர்களையும் எதற்குப் போய்த் தொந்தரவு செய்ய வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான். அடுத்த விடுமுறையன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து மீதிப் பதினெட்டுப் படிவங்களிலும் அதே ‘நேரம் இல்லை’யைப் போட்டு நிரப்பிவிட்டாள். பொய் எழுதுகிறோம் என்ற எண்ணமே அவளுக்கு எழவில்லை. தெரிந்த ஜனங்களைப் பற்றித் தெரிந்ததைத்தானே எழுதுகிறாள்! சோம்பேறித்தனம் என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெரியும் என்கிற கர்வம், அவ்வளவுதான்.

மற்ற ஐந்து பேர் கொண்டுவந்த கட்டுகள் அலங்கோலமாக இருந்தன. அடித்தல், திருத்தல், ‘பதில் சொல்லவில்லை’, ‘அழுதார், நிறுத்திவிட்டேன்’ என்று ஓரக் குறிப்புகள். ரேடியோவின் கட்டு மட்டும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல் இருந்தது.

“யாருமே தயங்கலையா?” என்று மேடம் கேட்டார்.

“என்கிட்ட என்ன மேடம் தயக்கம்?” என்றாள் ரேடியோ.

எண்ணிப் பார்த்தபோது ‘நேரம் இல்லை’ என்பதே முதலிடத்தில் நின்றது. அதை வைத்துத் திட்டம் தயாரானது. வார விடுமுறை நாளில், லாண்டரி வாசலிலேயே பரிசோதனை வண்டி நிற்கும். பத்தே நிமிடம்தான் ஆகும் என்று எல்லோருடைய கைப்பேசிக்கும் குரல் செய்தி போகும். பேசுவதற்கு வேறு யார்? ரேடியோதான். பதிவு செய்ததைப் புருஷனுக்கு மூன்று தடவை போட்டுக் காட்டினாள்.

“தினமும் நேர்ல கேக்கறது பத்தாதா?” என்றார் அவர்.

வண்டி வந்த நாளில் அவள் அட்டையை மாட்டிக்கொண்டு, கையில் பட்டியலோடு வண்டியின் படி அருகே நின்று, ஒவ்வொரு பெயராக உரக்கக் கூப்பிட்டாள். ஆறு வரிசையிலும் சேர்த்து ஒன்பது பேர் வந்தார்கள். அவளுடைய முப்பது பேரில் நாலு பேர். அந்த நாலு பேருமே அவள் நேரில் உட்கார்ந்து கேட்ட பதினோரு பேரில் இருந்தவர்கள். தானே நிரப்பிய பத்தொன்பதிலிருந்து ஒரு தலைகூடத் தெரியவில்லை. சுகாதாரத் துறை எழுத்தர் வண்டிக் கதவைச் சாத்தும்போது, “அடுத்த மாசம் இன்னொரு தடவை வரும். அப்பவும் இப்படித்தான்னா வேற இடத்துக்கு அனுப்பிடுவாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரேடியோ நேராக நாத்தனார் வீட்டுக்குப் போனாள். கோபம் மூக்குக்கு மேல் இருந்தது. நாத்தனார் பாயில் சாய்ந்து கிடந்தாள்.

“வாசல்ல வண்டி நிக்குது, நீ படுத்துக் கிடக்கற! நேரம் இல்லையாடி உனக்கு?”

“எனக்கு நேரம் இல்லேன்னு யார் சொன்னா?”

ரேடியோ வாயைத் திறந்தாள். சொன்னது யார் என்பது அப்போதுதான் உறைத்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

நாத்தனார் எழுந்து உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை. “வண்டி வாசல்ல நீ நின்னு பேர் சொல்லிக் கூப்பிடற. பத்து நிமிஷத்துல வரவேண்டியவ அரை மணி நேரம் கழிச்சு வெளிய வந்தா, சாயங்காலத்துக்குள்ள ஆறு வரிசைக்கும் தெரிஞ்சுடும். எனக்குத் தோள்பட்டை வலின்னு கேன்டீன்ல பாத்திரம் கழுவறவங்களுக்குக்கூடத் தெரியுது. நான் உன்கிட்ட அப்படிச் சொன்னேனா அண்ணி?”

“அப்ப அது தோள்பட்டை வலி இல்லையா?”

நாத்தனாரின் முழங்கை இன்னும் கொஞ்சம் விலாவை நெருங்கியது, அவ்வளவுதான்.

“என்னடி இருக்கு? சொல்லு.”

“ஒண்ணுமில்ல. போ அண்ணி, எனக்குத் தூக்கம் வருது.”

பிடிகொடுக்கவே இல்லை. கையைப் பிடித்து இழுத்துப் போகிற விஷயமும் இல்லை. இவள் தானாகப் போக வேண்டும். அதற்கு வண்டி திரும்ப வரும்போது போகத் தகுந்ததாக இருக்க வேண்டும். அது நடக்க, போட்ட திட்டமே தப்பு என்று யாராவது மேடத்திடம் சொல்ல வேண்டும். ஏன் தப்பு என்று அவர் கேட்பார். மூன்று நாள் ரேடியோவுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

“சொன்னா என்ன ஆகும்?” என்றார் அவர்.

“கார்டைப் பிடுங்கிப்பாங்க. காறித் துப்புவாங்க.”

“சொல்லலேன்னா?”

அவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மறுநாள் கேன்டீனில், மேடமும் மற்ற ஐந்து பேரும் இருக்கும்போது, உட்காராமல் நின்றபடியே சொன்னாள்.

“என் முப்பதுல பத்தொன்பது நானே எழுதினது மேடம். யாரையும் கேக்கல.”

முதலில் வெடித்தது நம்பர்காரி. லாண்டரிக்கு வரும் ஒவ்வொரு துணியிலும் அழியாத மையால் எண் போடுகிறவள் அவள்; வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுவாள்.

“என்னை மூணு வீட்ல கதவைச் சாத்தித் துரத்தினாங்க. திரும்பத் திரும்பப் போய் உக்காந்து கேட்டேன். நீ ஃபேனுக்கு அடியில உக்காந்து எழுதினியா? எங்க உழைப்பையும் சேர்த்துக் கெடுத்தியே!”

ரேடியோ கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். முகத்தில் ஈயாடவில்லை. மேடம் அவளைத் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. கட்டைப் பிரித்து, பத்தொன்பது படிவங்களையும் தனியாக எடுத்து, நூலால் கட்டினார்.

“இதைத் தூக்கிப் போட முடியாது. நடந்தது நடந்தபடி அறிக்கையில வரணும்” என்றார். “உங்க பேர் வராது. ஆனா கார்டு விஷயத்தை நான் முடிவு பண்றது சரியில்ல. அது இவங்க வேலையும்தான்.”

எல்லோரும் நம்பர்காரியைப் பார்த்தார்கள். அவள் அட்டையை ரேடியோ பக்கமாகத் தள்ளினாள். “வெச்சுக்கோ. ஆனா உன் வரிசைக்கு நான் போறேன். என் வரிசைக்கு நீ போ. அங்க உனக்கு யாரையும் அவ்வளவாத் தெரியாது. கேட்டுத்தான் ஆகணும்.”

எல்லோருமே வரிசை மாற்றிக்கொண்டார்கள். இரண்டு வாரத்தில் புதுப் பதில்கள் வந்தன. பெயரில்லாமல் மேடம் படித்தார். ரேடியோ நிரப்பியிருந்த அந்தப் பத்தொன்பது பேரில் பதினாலு பேர் சொன்ன காரணம் ஒன்றே: போனால் அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடும்.

“என்னைத்தான் சொல்லியிருக்காங்க” என்றாள் ரேடியோ மெல்ல.

“உங்களை மட்டும் இல்லம்மா” என்றார் மேடம்.

“உன்னையும்தான்” என்றாள் நம்பர்காரி.

அந்தக் கேன்டீன் பெஞ்சில் அன்று ரேடியோ பட்ட வேதனையைச் சொல்லி முடியாது. உபகாரம் என்று நினைத்து இத்தனை வருடம் செய்ததற்குப் பயந்து, ஜனங்கள் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளக்கூட வெளியே வராமல் இருந்திருக்கிறார்கள். அழுகை வந்தது, அழுதாள். யாரும் தடுக்கவில்லை. அழுது முடித்ததும் திட்டத்தைப் பற்றிப் பேசினார்கள்.

வண்டி லாண்டரி வாசலில் வேண்டாம், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நிற்கட்டும் என்று ஒருத்தி சொன்னாள். அங்கே யார் எதற்கு வந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. பெயர் கூப்பிடுவதற்குப் பதிலாகச் எண் போட்ட சீட்டு கொடுக்கலாம் என்றாள் நம்பர்காரி.

“எந்த ஆஸ்பத்திரித் துணி, எந்த ஓட்டல் துணின்னு பாத்தா தெரியுதா? நம்பர்தான். துணிக்குச் செய்யறதை மனுஷிக்குச் செஞ்சா என்ன?”

முடிவை ஒரு செவிலியர் தொலைபேசியில், அந்தப் பெண்ணிடம் மட்டும் சொல்வது என்று ஏற்பாடு. குரல் செய்தியும் மாறியது. இந்த முறை நம்பர்காரியின் கறாரான குரல்: ‘வாங்க. பேர் கேக்க மாட்டாங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க.’ ரேடியோவுக்கு ஒதுக்கிய வேலை, அன்றைக்கு அந்தப் பக்கமே வராமல் இருப்பது. ஆறு பேரில் மிகக் கஷ்டமான வேலை அதுதான் என்று மேடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

வண்டி வந்த நாளில் அவள் வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினாள்.

“உடம்பு சரியில்லையா?” என்றார் புருஷன்.

“நல்லாத்தான் இருக்கேன். சும்மா இருங்க.”

பதினோரு மணி வாக்கில் இரண்டு வீடு தள்ளிக் கதவு பூட்டும் சத்தம் கேட்டது. ஜன்னல் கைக்கெட்டும் தூரம்தான். எட்டிப் பார்த்தால் யார், எந்தப் பக்கம் போகிறாள் என்று தெரிந்துவிடும். ரேடியோ ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். காலடிச் சத்தம் அடங்கும் வரை அசையவில்லை.

அன்று நாற்பத்தாறு பேர் வந்ததாக மேடம் சொன்னார். எண்ணிக்கை மட்டும்தான் சொன்னார். வண்டி இனி மாதா மாதம் வரும் என்று துறையும் ஒப்புக்கொண்டது. மற்றவர்கள் கைதட்டினார்கள். நாற்பத்தாறில் ஒருத்தி தன் நாத்தனாரா என்று கேட்க ரேடியோ துடித்தாள். கேட்கவில்லை. அடுத்த பதினோரு நாளும் இருவரும் எதிரெதிரே நின்று மடித்தார்கள். விலைவாசி, வெயில், உருளையின் பழுது, எல்லாம் பேசினார்கள். அதை மட்டும் பேசவில்லை.

பன்னிரண்டாம் நாள், ஒரு பெரிய விரிப்பின் முனைகளைச் சேர்க்க வந்த நாத்தனார் கையை விடாமல் நின்றாள்.

“அண்ணி, கட்டிதான். வெட்டி எடுத்துடலாம், இன்னும் பரவல, ஆனா இனிமே தள்ளிப்போடக் கூடாதுன்னு பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். புதன்கிழமை சேரணும். கூட வரியா?”

நாற்பது கேள்வி ஒரே சமயத்தில் முட்டிக்கொண்டு வந்தது.

“வரேன்” என்றாள் ரேடியோ.

அன்று மாலை விடுப்புச் சீட்டு எழுதியபோது, “எங்க போற? என்ன விசேஷம்?” என்று நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவளுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள்.

புதன்கிழமை காலை, மருத்துவமனையின் சேர்க்கைப் பிரிவில் நீளமான வரிசை. இவர்கள் முறை வந்தபோது நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். செவிலியர் பேனாவை எடுத்து, பேசக்கூடிய ஆள் இவள்தான் என்று பார்த்த உடனே முடிவு செய்து, ரேடியோவைக் கேட்டார்.

“எத்தனை நாளா இருக்கு இவங்களுக்கு?”

ரேடியோவின் மனசில் ஒரு கணக்கு இருந்தது. கையைத் தூக்காமல் மடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதம். பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

“எனக்குத் தெரியாதும்மா. அவளையே கேளுங்க.”

செவிலியர் நாத்தனார் பக்கம் திரும்பிக் காத்திருந்தார். ரேடியோவும் காத்திருந்தாள்.

“ஒரு வருஷம் ஆகப்போகுது” என்றாள் நாத்தனார்.

“ஒரு வருஷமா? இத்தனை நாள் ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“வாய் வரைக்கும் வரும். முதல்லயே யாராவது கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

அவள் யாரையும் குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. அண்ணியைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஒரு வருஷம். தினம் நானூறு விரிப்பு, ஒவ்வொன்றுக்கும் மூன்று தடவை, ஒரு சாண் தூரத்தில் அந்த முகம். மன்னித்துவிடு என்று சொல்லக்கூட அந்த இடத்தில் ரேடியோ வாயைத் திறக்கவில்லை. இப்போது பேசும் முறை நாத்தனாருடையது.

செவிலியர் எழுதி முடித்து, “ராத்திரி கூட யார் இருப்பாங்க?” என்று கேட்டார்.

“எங்க அண்ணி” என்றாள் நாத்தனார்.

ரேடியோ அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.